நூலகத்தில் கேளுங்கள்: நவம்பர் விழாவுக்கு முன் வந்த கடிதங்கள்

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அதனால் இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விழா, கண்காட்சி, நூலகத்தில் என்னென்ன கிடைக்கும் என்பவை பற்றியே. திருவாரூர் மாவட்டத்தில் ஊர்ப்புற நூலகராக வேலைக்குச் சேர்ந்து, கிளை நூலகராக ஓய்வு பெற்றவள் நான். அங்கே நின்று பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

அக்கா, எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வருடா வருடம் நூலக வார விழா நடக்கிறது. மேடை, மைக், நாலு பேர் பேச்சு, பொன்னாடை, பிள்ளைகளுக்குப் பேனா. பள்ளியிலிருந்து வரிசையாக வரும் பிள்ளைகள் வரிசையாகவே திரும்பிப் போய்விடுகிறார்கள். இந்த வருடம் என்னை வாசகர் வட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். வேறு மாதிரி செய்ய முடியுமா? கையில் பணம் அதிகம் இல்லை.
— வாசகி, பட்டுக்கோட்டை

தாராளமாகச் செய்யலாம் தங்கச்சி. முதல் வேலை, மேடை எங்கே போடுகிறார்கள் என்று பாருங்கள். பல நூலகங்களில் கூடம் ஒன்றுதான் இருக்கும். அதில் மேடை போட்டு நாற்காலி அடுக்கினால் அலமாரிகள் அத்தனையும் மறைந்துபோகும். நூலக விழாவுக்கு வந்த குழந்தை ஒரு புத்தகத்தைக்கூடத் தொடாமல் வீட்டுக்குப் போகும். எனக்கு இது பொறுக்காது. ஆகவே பேச்சு நிகழ்ச்சியை வாசலில் பந்தல் போட்டோ, பக்கத்துப் பள்ளியிலோ வைத்துக்கொள்ளுங்கள். கூடம் பிள்ளைகளுக்கு.

கூடத்தில் பாய் விரியுங்கள். குழந்தைகள் பிரிவிலிருந்து புத்தகங்களை எடுத்து, அட்டைப் படம் மேலே தெரியும்படி பரப்பி வையுங்கள். அலமாரியில் முதுகு காட்டி நிற்கும் புத்தகத்தை ஏழு வயதுப் பிள்ளை எடுக்காது. படம் தெரிந்தால் எடுக்கும். முதல் அரை மணி நேரம் யாரும் பேசக் கூடாது, ‘நல்ல புத்தகமா எடு’ என்று அதட்டவும் கூடாது. எடுத்ததை வைத்துவிட்டு வேறொன்று எடுக்கட்டும். அதற்குப் பிறகு எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் உட்கார்ந்து ஒரு கதையை வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாசிக்க ஆசிரியர்தான் வேண்டும் என்றில்லை. எங்கள் நூலகத்தில் ஒரு பேருந்து நடத்துநர் வாசித்தார். ஊர்ப் பெயர்களைக் கூவிப் பழகிய குரல். கதையில் வரும் ராஜாவும் நரியும் அந்தக் குரலில் பேசியதைக் கேட்டுப் பிள்ளைகள் அடுத்த வாரம் அவரைத் தேடிக்கொண்டு வந்தார்கள். தையற்கடைக்காரர், அங்கன்வாடி ஆசிரியை, தபால்காரர் என்று உங்கள் ஊரில் வாசிக்கத் தெரிந்தவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் போடுங்கள்.

உங்கள் ஊருக்கென்று இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. கஜா புயல் கரை கடந்தது 2018 நவம்பர் 16. நூலக வாரத்துக்கு நடுவில் வரும் தேதி அது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். இன்று ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு அது நினைவிருக்காது. பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு நோட்டுத் தாள் கொடுத்து, வீட்டில் பெரியவர்களிடம் மூன்று விஷயம் மட்டும் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்: அந்த ராத்திரி எங்கே இருந்தீர்கள், எத்தனை மரம் போயிற்று, அதன் பிறகு என்ன நட்டீர்கள். தாள்களைச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு மேசை போட்டு, நூலகத்தில் புயல், பருவமழை, தென்னைச் சாகுபடி, கடல் பற்றி என்னென்ன புத்தகம் இருக்கிறதோ அத்தனையும் எடுத்து வையுங்கள். மல்லிப்பட்டினத்திலிருந்து காற்றின் திசை பார்த்துக் கடலுக்குப் போகும் மீனவர் ஒருவரை அழைத்து, பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வையுங்கள். அவருக்குச் சொற்பொழிவு தேவையில்லை, கேள்வி போதும். விழா முடிந்ததும் தாள்களைக் கிழித்துப் போட்டுவிடாமல் பைண்டு செய்து ஊர், ஆண்டு எழுதி நூலகத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். பின்னால் ஒருவர் அந்தப் புயலைப் பற்றி எழுத வரும்போது, உங்கள் ஊரைப் பற்றி அவருக்குக் கிடைக்கும் முதல் ஆவணம் அந்தக் கட்டாக இருக்கலாம்.

சிறப்பு விருந்தினரை விட்டுவிட முடியாது, தெரியும். வரட்டும். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள். பத்து நிமிடப் பேச்சு, அதில் அவர் படித்த ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அழைக்கும்போதே பணிவாகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, அன்றைக்கே உறுப்பினர் சேர்க்கை நடக்க வேண்டும். படிவத்தை ஒரு வாரம் முன்பே பள்ளிக்குக் கொடுத்தனுப்பி, பெற்றோர் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் சிறு தொகைதான். அதுவும் முடியாத பிள்ளைகளுக்குப் பேனா வாங்கும் காசை இதற்குத் திருப்பலாம். கையில் உறுப்பினர் அட்டையும் இரவல் வாங்கிய ஒரு புத்தகமுமாக வீட்டுக்குப் போகும் பிள்ளை, அதைத் திருப்பிக் கொடுக்கவாவது மறுபடி வரும்.

வீட்டு வரி ரசீதில் ‘நூலக வரி’ என்று தனியாகப் போட்டிருக்கிறார்கள். நான் நூலகத்துக்குப் போவதே இல்லை. எதற்கு இந்த வரி?
— வாசகர், கும்பகோணம்

ஐயா, நீங்கள் போகாத நூலகத்தையும் நடத்திக்கொண்டிருப்பது நீங்கள்தான். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் அது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம். சட்டத்துக்காகப் பல்லாண்டு பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். நூலகம் ஒருவருடைய தயவிலோ நன்கொடையிலோ நடக்கக் கூடாது, ஊர் மக்களின் வரியிலிருந்து அதற்கென்று ஒரு நிலையான வருமானம் வேண்டும் என்பது அவருடைய உறுதி. அதன் விளைவுதான் உங்கள் ரசீதில் உள்ள அந்த வரி. இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. நகராட்சியோ ஊராட்சியோ வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இதை நம்பி இருக்கின்றன.

வசூலித்ததை உரிய காலத்தில் ஒப்படைக்காமல் உள்ளாட்சிகள் பாக்கி வைப்பது நெடுநாளாக உள்ள பிரச்சினை. உங்கள் ஊரில் எவ்வளவு வசூலாகி எவ்வளவு ஒப்படைக்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள். கேட்கப் போகும் வழியில் நூலகத்துக்குள்ளும் ஒருமுறை நுழைந்து பாருங்கள், காசு கொடுத்தவர் பார்க்க வேண்டாமா?

எங்கள் ஊராட்சியில் நூலகக் கட்டடம் இருக்கிறது. அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டியது. பல வருடமாகப் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒருவரைக் கை காட்டுகிறார்கள். நூலகத் துறைக்கு மனு எழுதினால் ‘எங்கள் நூலகம் இல்லை’ என்கிறார்கள்.
— கல்லூரி மாணவர், திருத்துறைப்பூண்டி அருகே

தம்பி, நூலகத் துறை சொன்ன பதில் சரிதான், ஆனால் உங்களுக்கு யாரும் மீதியைச் சொல்லவில்லை. 2006-இல் தொடங்கிய ‘அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம்’ ஊரக வளர்ச்சித் துறையின் திட்டம். ஊராட்சிக்கு ஒரு நூலகம் என்று கட்டினார்கள். கட்டடம், புத்தகம், தளவாடம் எல்லாம் ஊராட்சியின் சொத்து. சிறு மதிப்பூதியத்தில் உள்ளூர்க்காரர் ஒருவரை நூலகராக வைத்தார்கள். அவர் விட்டுப் போனதும் பல ஊர்களில் கதவு சாத்தியபடியே நின்றுவிட்டது. பொது நூலகத் துறையின் ஊர்ப்புற நூலகமும் பகுதிநேர நூலகமும் வேறு, இது வேறு. ஆகவே உங்கள் மனு போக வேண்டிய இடம் ஊராட்சியும், வட்டார வளர்ச்சி அலுவலரும்.

தனி மனுவைவிட வலுவானது கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அதற்கு முன்பே உங்கள் வயதுப் பிள்ளைகளையும், பள்ளிக்கு அனுப்பும் தாய்மார்களையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘நூலகத்தைத் திறக்க வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் ‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். தீர்மானத்தில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: இந்தத் தேதிக்குள் கட்டடத்தைத் திறந்து புத்தக இருப்பைக் கணக்கெடுப்பது, கூரை, மின் இணைப்பு பழுது நீக்குவது, தினமும் மாலை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை திறப்பது, பொறுப்பாளர் இன்னார். தேதி, நேரம், ஆள். இந்த மூன்றும் இல்லாத தீர்மானத்தால் கதவு திறந்து நான் பார்த்ததில்லை.

திறந்த அன்றே விழா வைத்துவிடாதீர்கள். உள்ளே கரையான் இருக்கும். புத்தகங்களை வெளியே எடுத்து நிழலில் பரப்பி, அரித்ததைத் தனியே பிரியுங்கள். நல்ல புத்தகத்தோடு கரையான் பிடித்ததைத் திரும்ப அடுக்கினால் அடுத்த மழைக்குள் மொத்தமும் மண்ணாகும். பழைய போட்டித் தேர்வு வழிகாட்டிகள் காலாவதியானவை, அவற்றை விட மனசு வராது, ஆனாலும் விட்டுவிடுங்கள். சின்னதாய் ஐந்நூறு நல்ல புத்தகம் இருந்தால் போதும், மாலை இரண்டு மணி நேரம் தவறாமல் திறந்திருப்பதுதான் பெரிது. அருகில் உள்ள கிளை நூலகரைப் போய்ப் பாருங்கள். அடுக்குவது, பதிவேடு எழுதுவது எல்லாம் அவர் சொல்லித் தருவார்.

என் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கண் நீர் அழுத்த நோயால் பார்வை பெரும்பகுதி போய்விட்டது. படிக்காமல் அவரால் இருக்க முடியவில்லை. இந்த வயதில் பிரெயில் கற்க முடியாது என்கிறார். நூலகத்தில் அவருக்கு ஏதாவது உண்டா?
— வாசகி, திருச்சி

உண்டு அம்மா. பிரெயில் கட்டாயமில்லை. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, அச்சில் படிக்க இயலாதவர்களுக்காக ஒரு நூலை ஒலிநூலாகவோ மின்நூலாகவோ மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இதற்கென்று உலக நாடுகள் செய்துகொண்ட மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் நம்முடையதே. 2016-இல் ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். தமிழ் நூல்களும் அதில் உண்டு. பார்வைக் குறைபாட்டுக்கான சான்று காட்டிப் பதிவு செய்தால், கைப்பேசியே வாசித்துக் காட்டும்.

சென்னைக்கு வரும்போது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அவரை அழைத்துப் போங்கள். தரைத்தளத்திலேயே பார்வையற்றோருக்கான பிரிவு இருக்கிறது. மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவு தரைத்தளத்தில்தான். உங்களுக்கு மதுரை பக்கம்.

ஆனாலும் ஒன்று சொல்வேன். எந்திரக் குரல் செய்திக்குப் போதும். கதைக்கும் கவிதைக்கும் மனிதக் குரல் வேண்டும். உங்கள் ஊர் நூலகரிடம் பேசி, வாரத்தில் ஒரு மாலை கல்லூரிப் பிள்ளை ஒருவர் அவருக்கு வாசித்துக்காட்ட ஏற்பாடு செய்யுங்கள். தலைமையாசிரியராக இருந்தவர், பிள்ளை தடுமாறும் இடத்தில் அவர் திருத்துவார், பொருள் சொல்வார். அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் பாடம் கட்டணம் கொடுத்தாலும் கிடைக்காது. மருத்துவரிடம் குறைபார்வைப் பிரிவு பற்றியும் கேட்டுவிடுங்கள். மிச்சமிருக்கும் பார்வைக்கு ஏற்ற உருப்பெருக்கிகளை அங்கே பொருத்திக் காட்டுவார்கள்.

நான் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். வீட்டில் இடமில்லை, நூலகம்தான் கதி. மாதம் இரண்டு மூன்று முறை கூட்டம், விழா, கதை சொல்லல் என்று எங்களை எழுப்பிவிடுகிறார்கள். படிப்பவர்களுக்குத்தானே நூலகம்?
— தேர்வர், நாகப்பட்டினம்

கோபம் நியாயமானது தம்பி. ஒற்றை அறை வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு நூலக மேசை எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தே சொல்கிறேன். ஆனால் கதை கேட்க வந்த நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் அந்தக் கூடத்தில் உங்களுக்குள்ள அதே உரிமை உண்டு. நீங்கள் வேலைக்குப் போய்விடுவீர்கள், அந்தப் பிள்ளை இன்னும் பத்து வருடம் அங்கே வர வேண்டியிருக்கிறது.

மோதல் வருவது நேரம் சொல்லாததால். மாதத் தொடக்கத்திலேயே நிகழ்ச்சி நாட்களை வாசலில் எழுதி ஒட்டச் சொல்லி, தேர்வர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நூலகரிடம் எழுத்தில் கேளுங்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் கூட்டம் வேண்டாம் என்றும் கேளுங்கள். எழுதிக் கேட்டால் நூலகருக்கும் அது உதவி. வந்து மேடை கேட்பவர்களிடம் காட்ட அவர் கையில் ஒரு தாள் இருக்கும். நகராட்சிகள் பல இடங்களில் ‘நூலகம் மற்றும் அறிவுசார் மையம்’ திறந்திருக்கின்றன. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களை மனத்தில் வைத்துக் கட்டியவை அவை. உங்கள் நகரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வழிகாட்டி நூலுக்காகக் காத்திருந்து நாளை வீணாக்காதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரையான பள்ளிப் பாடநூல்கள்தான் அடிப்படை. அவை இணையத்தில் இலவசம், நூலகத்தில் அச்சிலும் கிடைக்கும்.

ஊர் வரலாற்றுக் கண்காட்சி ஒன்றை நூலகத்தில் வைக்க வாசகர் வட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம். பழைய புகைப்படங்கள், கல்யாணப் பத்திரிகைகள் சேர்கின்றன. என் வீட்டுப் பரணில் ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றும் இருக்கிறது. அதையும் வைக்கலாமா? எண்ணெய் தடவினால் பளிச்சென்று தெரியும் என்கிறார்கள்.
— வாசகர், மன்னார்குடி

எண்ணெயைத் தொடாதீர்கள் ஐயா! தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம். பிசுக்கில் தூசி ஒட்டி, பூஞ்சை பிடித்து, எழுத்தே போய்விடும். சுவடி நூலகங்களில் புல்தைலம் பூசுவது உண்டு. அது பழகிய கையால், ஏட்டைச் சுத்தம் செய்த பிறகு செய்யும் வேலை. கயிற்றை இழுத்துப் பிரிக்க வேண்டாம், தண்ணீர் கூடாது, டேப் ஒட்டக் கூடாது, லேமினேஷன் என்று யாராவது சொன்னால் கட்டை அவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சுத்தமான பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பிறகு தஞ்சாவூருக்கு எடுத்துப் போங்கள். தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது, அரண்மனைக்குள் சரசுவதி மகால் நூலகம் இருக்கிறது. உள்ளே இருப்பது வைத்தியமா, சோதிடமா, நிலக்கணக்கா, யாருக்கும் தெரியாத ஒரு பாட்டா என்று படித்துச் சொல்ல அங்கே ஆள் உண்டு. நம் முன்னோர் வீட்டில் எத்தனையோ கட்டுகள் ஆடிப் பதினெட்டில் ஆற்றோடு போயின. உங்கள் கட்டு பரணில் தப்பியிருக்கிறது. கண்காட்சிக்கு அதன் புகைப்படம் போதும். பக்கவாட்டில் இயற்கை வெளிச்சம் விழும்படி வைத்து எடுத்தால் கீறல் எழுத்து நன்றாகத் தெரியும்.

புகைப்படங்களுக்கும் இதே விதி. மூலத்தை வாங்கி நகல் எடுத்து, அன்றே திருப்பிக் கொடுங்கள். வாங்கும்போது ஒரு நோட்டில் யார் கொடுத்தது, படத்தில் யார் யார், எந்த ஆண்டு, எந்த இடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த நோட்டுதான் கண்காட்சியின் உயிர். இது இல்லாவிட்டால் சுவரில் இருப்பது வெறும் பழைய முகங்கள். குறிப்புகளைப் பெரிய எழுத்தில், பத்து வயதுப் பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். பட்டா, பத்திரம் போன்ற நில ஆவணங்களை வைக்காதீர்கள். ஊரில் எந்தப் பங்காளித் தகராறு எங்கிருந்து கிளம்பும் என்று சொல்ல முடியாது. சாதிப் பெயரோடு ஒருவரை இழிவாகக் குறிக்கும் பழைய தாள் வந்தால், அந்தக் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் வைக்க வேண்டாம். ஊர் வரலாறு என்று சொல்லிப் பெரிய வீட்டுப் படங்களை மட்டும் மாட்டிவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நாற்று நட்டவர்கள், குளம் வெட்டியவர்கள், சலவைத் தொழிலாளர் வீடுகளில் படம் இருக்காது. அவர்களிடம் பேச்சைப் பதிவு செய்து, அதை எழுதி மாட்டுங்கள்.

உங்கள் ஊர் கண்காட்சியில் கட்டாயம் இருக்க வேண்டியது ஒன்று உண்டு. 1931-இல் மன்னார்குடி மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற எஸ். வி. கனகசபைப் பிள்ளை வடிவமைத்த வண்டி. அதற்குள் புத்தகம் அடுக்கி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். நூலகத்தின் ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டதும் அதே 1931. ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்’ என்பது இரண்டாம் விதி. நூலகத்துக்கு வர முடியாத உழவரிடம் அந்த நூலைக் கொண்டுபோய்ச் சேர்க்க உங்கள் ஊரில் மாடு பூட்டினார்கள். இது உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? தச்சர் ஒருவரைப் பிடித்து அந்த வண்டியின் சிறிய மாதிரி ஒன்று செய்ய முடிந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் ஒரு நிஜ மாட்டு வண்டியிலேயே புத்தகம் அடுக்கி, விழா நாளன்று மேலவாசலுக்கு ஓட்டிப் போங்கள். போகும் வழியெல்லாம் பிள்ளைகள் இரவல் வாங்கட்டும். எனக்கும் ஒரு தகவல் அனுப்புங்கள், வண்டியோடு நானும் நடப்பேன்.

பள்ளிப் பிள்ளைகளை ஒரு பெரிய நூலகத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போக வேண்டும். எங்கே போகலாம்?
— ஆசிரியை, வேதாரண்யம்

பக்கத்தில் தஞ்சாவூர் சரசுவதி மகால். இரண்டாம் சரபோஜி மன்னர் சேர்த்தவை பல அங்குள்ள காட்சிக்கூடத்தில் இருக்கின்றன. ஒரே நாளில் திரும்பிவிடலாம். மதுரை என்றால் 2023 ஜூலை 15-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், குழந்தைகள் பிரிவுக்கே அரை நாள் வேண்டும். சென்னை போனால் எழும்பூர் கன்னிமாராவும் அண்ணா நூற்றாண்டு நூலகமும். கன்னிமாரா 1896 டிசம்பர் 5-இல் திறந்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு, அவர்கள் பிறந்த ஆண்டில் வெளிவந்த ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் தேடச் சொல்லுங்கள். சுற்றிப் பார்ப்பதைவிடத் தேடுவது நினைவில் நிற்கும். எங்கே போவதானாலும் முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்குங்கள். குழுவாக வருவது தெரிந்தால் விளக்கிச் சொல்ல ஆள் ஒதுக்குவார்கள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் இருக்கிறேன். தாத்தா எழுதிய பள்ளி ஆண்டு மலர் ஒன்றைத் தேடுகிறேன். யாழ் நூலகம் எரிந்ததோடு எல்லாம் போய்விட்டதா?
— வாசகர், டொராண்டோ

1981 ஜூன் முதல் நாள் ராத்திரியில் அங்கே எரிந்தவை ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும். மறுபடி கிடைக்காதவை அவற்றில் பல. அந்த நூலகத்துக்கு ஆலோசனை சொன்னவர்களில் ரங்கநாதனும் ஒருவர் என்பதால் எங்களுக்கும் அது சொந்த இழப்பு. ஆனால் பள்ளி மலர்கள் வீடுகளிலும் இருந்தன. 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள், இதழ்கள், நினைவு மலர்கள், பள்ளி மலர்கள் என்று பெருந்தொகையாக வருடி (ஸ்கேன் செய்து) ஏற்றியிருக்கிறார்கள். பள்ளியின் பெயரையும் ஆண்டையும் இட்டுத் தேடுங்கள். இல்லையென்றால் அவர்களுக்கே எழுதுங்கள். உங்கள் உறவினர் வீடுகளில் பழைய மலர் ஏதாவது இருந்தால் அதை அவர்களுக்கு வருடக் கொடுங்கள். நீங்கள் தேடுவது போலவே இன்னொருவர் அதைத் தேடிக்கொண்டிருப்பார்.

எனக்கு 68 வயது. மின்வாரியத்தில் வேலை பார்த்தேன். நூலகத்துக்கு ஏதாவது செய்ய ஆசை. பணமும் கொஞ்சம் தரலாம், நேரமும் உண்டு. எப்படித் தொடங்குவது?
— வாசகர், மயிலாடுதுறை

பணத்துக்குப் புரவலர் திட்டம் இருக்கிறது. 1,000 ரூபாய் செலுத்திப் புரவலராகலாம், அதற்கு மேலும் படிகள் உண்டு. ரசீது கேட்டு வாங்குங்கள்.

நேரத்துக்கு ‘நூலக நண்பர்கள்’ திட்டம். நூலகத்துக்கு வர முடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தைக்காரிகள் ஆகியோர் வீட்டுக்குப் புத்தகம் கொண்டு கொடுத்து, படித்த பின் வாங்கி வரும் தன்னார்வலர்கள் இவர்கள். மின்வாரியத்தில் இருந்தவருக்கு ஊரில் தெரியாத தெரு இருக்காது. எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்பதும் தெரிந்திருக்கும். அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டு போய் எடுங்கள், உங்களுக்குப் பிடித்ததைத் திணிக்க வேண்டாம். சமையல் குறிப்பு கேட்டால் சமையல் குறிப்பு, பேய்க்கதை கேட்டால் பேய்க்கதை.

உங்கள் தொழிலையும் விட்டுவிடாதீர்கள். மாதம் ஒரு மாலை, மீட்டர் கணக்கு எப்படிப் பார்ப்பது, மழைக்காலத்தில் வீட்டு மின் இணைப்பில் எதைக் கவனிக்க வேண்டும், ஷாக் அடித்தவரைத் தொடாமல் எப்படி மீட்பது என்று நூலகத்தில் சொல்லிக்கொடுங்கள். பெண்கள் வரக்கூடிய நேரமாக வையுங்கள். முதல் மாதம் நாலு பேர்தான் வருவார்கள், அடுத்த மாதமும் அதே நாள், அதே நேரம் நடத்துங்கள்.

நாளைக்கே போய் நூலகரிடம் பேசுங்கள். நாளை வெள்ளிக்கிழமையாக இருந்தால் மட்டும் சனிக்கிழமை போங்கள்; கிளை நூலகங்களுக்கு வெள்ளிதான் வார விடுமுறை.